மைதானம் கேட்டு எழுதிய கடிதம்

ஏ.எஃப்.சி. விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் புதிய மைதானத்துக்கு ஆதரவாக, லண்டனில் எங்கள் பகுதி உள்ளாட்சியான மெர்டன் கவுன்சிலுக்கு நான் முதலில் எழுதிய கடிதம் இரண்டு பக்கம் வந்தது. 1988இல் விம்பிள்டன் லிவர்பூலை 1–0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது, பெனால்டியைத் தடுத்த கோல் காப்பாளர் பீசன்ட், பிறகு 2002இல் நடந்த அநியாயம் எல்லாம் அதில் இருந்தன. அனுப்புவதற்கு முன் சக ஆதரவாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் வீடு கட்டும் துறையில் வேலை செய்தவர். பொறுமையாகப் படித்துவிட்டு, "மனசைத் தொடுகிறது. ஆனால் இதில் ஒரு வரியைக்கூட பிளானிங் அதிகாரியால் கணக்கில் எடுக்க முடியாது" என்றார். பிளானிங் என்றால் கட்டட அனுமதி.

அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எனக்கு இந்த விஷயம் புரியத் தொடங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பகுதியிலும் ஏதோ ஒரு கழகம் மைதானம் கட்டக் கேட்கலாம், நீங்கள் ஆதரவாகவோ எதிராகவோ எழுத நினைக்கலாம்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விம்பிள்டன் கழகம் 1912 முதல் 1991 வரை தென்மேற்கு லண்டனில் ப்ளவ் லேன் மைதானத்தில் விளையாடியது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் பலர் இறந்த நெரிசலுக்குப் பிறகு வந்த டெய்லர் அறிக்கை, மேல்நிலை அணிகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. ப்ளவ் லேனை அப்படி மாற்ற முடியாது என்று சொல்லி, கிறிஸ்டல் பேலஸ் என்ற இன்னொரு கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குக் குடிபோனார்கள். சொந்த இடம் கைவிட்டுப் போனதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். 2002 மே 28 அன்று இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அமைத்த மூவர் குழு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில், கழகம் லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸ் நகருக்கே போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆதரவாளர்கள் விம்பிள்டன் காமன் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்து, ஆறே வாரத்தில் புதுக் கழகத்தின் முதல் ஆட்டத்தை ஆடிவிட்டார்கள். சட்டன் யுனைடெட்டிடம் 4–0 என்று தோல்வி. அது யாருக்கும் பொருட்டாகவே இல்லை.

ஒன்பதாம் நிலை லீக்கில் தொடங்கிய அந்தக் கழகத்தின் உரிமை டொன்ஸ் ட்ரஸ்ட் என்ற ஆதரவாளர் அமைப்பிடம் இருந்தது. யார் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே வாக்குத்தான். நான் 2008இல் காலியர்ஸ் வுட்டுக்குக் குடிவந்தபோது, வேலையிடத்து நண்பர் ஒருவர் கிங்ஸ்டன் பக்கம் இருந்த கிங்ஸ்மெடோ மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து இது என் கழகம். 2011இல் பெனால்டியில் லூட்டனை வென்று ஃபுட்பால் லீக்குக்குத் திரும்பினோம். ஆனால் விம்பிள்டன் என்று பெயர் வைத்துக்கொண்டு இன்னொரு பகுதியில் விளையாடிக்கொண்டிருந்தோம்.

2014 நவம்பரில் சொந்த மைதானம் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போனது. பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே ப்ளவ் லேனில், நாய்ப் பந்தய மைதானம் இருந்தது. அந்த இடத்தில் 600க்கு மேற்பட்ட வீடுகளையும் உதைபந்தாட்ட மைதானத்தையும் சேர்த்துக் கட்டும் திட்டம். வீடு விற்று வரும் பணம் இல்லாமல் எங்களைப் போன்ற கழகம் லண்டனில் நிலம் பற்றி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. முதலில் 11,000 பேர், பிற்காலத்தில் 20,000 பேர் வரை என்று அனுமதி கேட்டார்கள்.

சரி, கடிதத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் பிளானிங் விண்ணப்பம் ஒன்றுக்கு யாரும் கருத்து எழுதலாம். ஆனால் கவுன்சில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதற்கு வரையறை இருக்கிறது. போக்குவரத்து, வாகன நிறுத்தம், சத்தம், மின்விளக்கு வெளிச்சம், கட்டடத்தின் உயரம், வெள்ள அபாயம், அந்த இடத்துக்கென்று ஏற்கெனவே உள்ள திட்டக் கொள்கை ஆகியவை கணக்கில் வரும். என் வீட்டு விலை குறைந்துவிடும் என்பதோ, ஜன்னலில் இருந்து பார்க்கும் காட்சி போய்விடும் என்பதோ வராது. கழகத்துக்கு 2002இல் நடந்ததும் வராது. எதிர்ப்பவரின் கோபத்துக்கும் என் பாசத்துக்கும் அந்த மேசையில் ஒரே மதிப்பு. முதலில் எனக்கு இது வலித்தது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகவும் பட்டது.

இரண்டு வார இறுதிகளை விண்ணப்பத்தோடு வந்த ஆவணங்களைப் படிப்பதில் செலவழித்தேன். போக்குவரத்து மதிப்பீடு, வெள்ள அபாய மதிப்பீடு, சத்த ஆய்வு என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள். எல்லாம் விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ள அபாயப் பகுதியில் நான் நின்றுவிட்டேன். அந்த நிலம் வாண்டில் ஆற்றுப் படுகையில் இருக்கிறது. பெருமழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும், கட்டடம் வந்தால் அந்தத் தண்ணீர் அடுத்தவர் வீட்டுக்குள் தள்ளப்படுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஆற்றங்கரையில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். அதை ஒரு அழகான பாதையாக மட்டும் பார்த்திருந்தேன்.

இரண்டாவது கடிதம் ஒரு பக்கம்தான். தலைப்பில் விண்ணப்ப எண், முதல் வரியில் ஆதரிக்கிறேன் என்ற சொல், என் பெயர், முகவரி. அப்புறம் நான் காரில் வரமாட்டேன், காலியர்ஸ் வுட்டிலிருந்து ஆற்றோரப் பாதையில் நடந்தே வருவேன் என்று எழுதினேன். ஹேடன்ஸ் ரோடு, ஏர்ல்ஸ்ஃபீல்ட், விம்பிள்டன் பார்க் என்று சுற்றிலும் ரயில் நிலையங்கள் இருப்பதையும், அது ஏற்கெனவே கட்டடமும் தாரும் போட்ட நிலம், புல்வெளி அல்ல என்பதையும் சேர்த்தேன். எல்லோரும் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்ப வேண்டாம், சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அது மிக முக்கியம். ஒரே கடிதம் ஆயிரம் வந்தாலும் அதில் இருக்கும் காரணம் ஒன்றுதான்.

அந்த நாட்களில்தான் அந்த நிலத்துக்கு அருகே சமர்ஸ்டவுன் பக்கம் இருக்கும் ஒரு அக்காவோடு கதைக்க நேர்ந்தது. எங்கள் குடும்பத்துக்கு நீண்ட காலப் பழக்கம். நான் உற்சாகமாகத் திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகம் மாறியது.

"தம்பி, நீங்கள் மாட்ச் பார்த்திட்டு வெளிக்கிட்டுப் போயிடுவீங்கள். காரை எங்கை விடுறது எண்டு நாங்கள்தான் அலையவேணும். மழை பெய்தால் எங்கடை றோட்டிலை தண்ணி நிக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குப் பதில் இல்லை. எதிர்த்து எழுதப் போவதாகச் சொன்னார். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். நான் இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒழுங்குபடுத்தி எழுத உதவினேன். ஆட்ட நாளில் வாகன நிறுத்தத்துக்கு என்ன ஏற்பாடு, மழைநீர் வடிகாலுக்கு என்ன உத்தரவாதம் என்று இரண்டே கேள்விகள். எங்கள் ஆட்களில் சிலருக்கு நான் செய்தது பிடிக்கவில்லை. எனக்கோ, அந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் ஒரு மைதானம் எழும்பக் கூடாது என்று பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

2015 டிசம்பர் 10 இரவு மெர்டன் கவுன்சிலின் திட்டக் குழு கூடியது. பேசுபவர்களுக்குச் சில நிமிடங்கள்தான். கழகத்தின் கழுத்துத் துண்டு போட்ட ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதிகாரியின் அறிக்கையில் வந்த கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருந்தார்கள். வாகன நிறுத்தம், வெள்ளம் என்ற வரிகளைப் பார்த்ததும் அக்கா ஞாபகம் வந்தது. கடைசியில் குழு ஏகமனதாக அனுமதி கொடுத்தது. வெளியே வந்து, எனக்குப் பெயர் தெரியாத ஒரு வயதானவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. லண்டனில் இந்த அளவுத் திட்டங்கள் மேயரின் பார்வைக்கும் போக வேண்டும். அவர் கவுன்சிலின் முடிவை அப்படியே விடலாம், மறுக்கச் சொல்லலாம், அல்லது தானே முடிவெடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளலாம். 2016 மார்ச்சில், மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் மூன்றாவதைச் செய்தார். மே மாதம் தேர்தல். புதிதாக வந்த சாதிக் கான் ஆகஸ்டில் விஷயத்தை மெர்டன் கவுன்சிலுக்கே திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு செக்‌ஷன் 106 ஒப்பந்தம். கட்டுபவர் அந்தப் பகுதிக்கு என்னென்ன செய்து கொடுக்க வேண்டும் என்று சட்டப்படி எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது. அது முடிய 2017 டிசம்பர் ஆகிவிட்டது. ஏகமனதான வாக்குக்கும் கடைசிக் கையெழுத்துக்கும் நடுவே இரண்டு வருடம். எனக்கு இந்தக் காத்திருப்புத்தான் மிகக் கடினமாக இருந்தது. செய்வதற்கு எதுவுமே இருக்கவில்லை.

அந்த இடைவெளியில் ஒரு நாளைச் சொல்லாமல் விட முடியாது. 2017 மார்ச் 25 அன்று நாய்ப் பந்தய மைதானத்தின் கடைசிப் பந்தயம் நடந்தது. 1928இல் தொடங்கிய இடம். நான் போயிருந்தேன். அப்பாவோடு சிறுவயதில் வந்ததைச் சொல்லி அழுத மனிதர்களைப் பார்த்தேன். அவர்கள் முகத்தில் இருந்தது 1991இல் எங்கள் ஆட்களின் முகத்தில் இருந்ததாக நான் கேள்விப்பட்ட அதே துக்கம். எங்கள் வீட்டுக்காக அவர்கள் வீடு போகிறது. அன்றைக்குக் கழுத்துத் துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

2018இல் இடிக்கத் தொடங்கினார்கள். அனுமதிக்கு அடுத்த மலை பணம். கிங்ஸ்மெடோவைச் செல்சி கழகம் வாங்கிக்கொண்டது. 2019இல் இணையவழிப் பங்கு விற்பனையில் ஆதரவாளர்கள் 20 லட்சம் பவுணுக்கு மேல் போட்டார்கள். அப்படியும் அந்த வருடக் கடைசியில் பல லட்சம் பவுண் பற்றாக்குறை என்று தெரியவந்தது. வெளி முதலீட்டாளரிடம் பெரும் பங்கைக் கொடுத்தால் கட்டி முடிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது உறுப்பினர் கூட்டங்கள் சூடாக இருந்தன. மைதானத்துக்காகக் கழகத்தின் உரிமையை விடுவதா? சொந்த இடம் போனதால் கழகத்தை இழந்தவர்கள் நாங்கள். இப்போது இடம் கிடைப்பதற்காகக் கழகத்தை இழக்கவா என்று ஒருவர் கேட்டபோது மண்டபமே அமைதியானது.

அப்போது ஆதரவாளர்கள் சிலரே ப்ளவ் லேன் பாண்ட் என்ற கடன் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். குறைந்தது 1,000 பவுண். வட்டி 0 முதல் 4 சதவீதம் வரை, கொடுப்பவரே தேர்ந்தெடுக்கலாம். காலம் 5, 10, 15 அல்லது 20 வருடம். வங்கியில் போட்ட பணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு மனைவியோடு கதைத்தேன். அவர் ஒன்றுதான் சொன்னார்: "பத்து வருஷத்துக்கு அந்தக் காசு எங்களிட்டை இல்லை எண்டு நினைச்சு நித்திரை கொள்ளேலுமெண்டால் குடுங்கோ." இதைவிட நல்ல அளவுகோலை நான் எங்கும் படித்ததில்லை. 1,000 பவுண், 10 வருடம், 2 சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். 2020 தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் 50 லட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது.

கேட்ட 11,000 உடனே வரவில்லை. பணத்துக்கேற்றபடி மேற்குப் பக்க மாடத்தை நிரந்தரமாகக் கட்டி, மற்ற மூன்று பக்கத்தையும் பிற்பாடு பெருப்பிக்கக் கூடிய விதத்தில் எளிமையாக அமைத்தார்கள். ஏறத்தாழ 9,000 பேர் கொள்ளும். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பெரிதாகக் கட்டிக் கடனில் மூழ்கிய கழகங்கள் எத்தனை!

2020 நவம்பர் 3, முதல் ஆட்டம். டொன்காஸ்டர் ரோவர்ஸுடன் 2–2. கொரோனா காரணமாக உள்ளே ஒரு பார்வையாளரும் இல்லை. முதல் கோலை ஜோ பிகொட் அடித்தார். நான் வீட்டில் கணினித் திரையில் பார்த்தேன். சத்தமில்லாத அந்தக் கதிரைகளைப் பார்க்க நெஞ்சு அடைத்தது. உள்ளே போய் உட்கார 2021 ஆகஸ்ட் வரை காத்திருந்தேன். ஆற்றோரமாக நடந்துதான் போனேன், கடிதத்தில் எழுதியபடியே.

2024 செப்டம்பரில் ஒரு பெருமழை. மைதானத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஆடுகளத்தில் ஒரு பகுதி அப்படியே கீழிறங்கிப் பெரும் குழியானது. நியூகாசிலோடு நடக்கவிருந்த கோப்பை ஆட்டத்தை அவர்கள் மைதானத்துக்கே மாற்ற வேண்டியதாயிற்று. படத்தைப் பார்த்தபோது பத்து வருடத்துக்கு முன் வாசித்த வெள்ள அபாயப் பக்கங்கள்தான் கண் முன் வந்தன. ஆதரவாளர்கள் மறுபடியும் காசு சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அக்கா.

"தம்பி, உங்கடை கிரவுண்டுக்குள்ளை தண்ணி வந்திட்டுதாமே. படம் பார்த்தனான், கவலையாப் போச்சு."

"உங்கடை வீடு எப்பிடி அக்கா?"

"வாசல் மட்டும் வந்து நிண்டிட்டுப் போயிட்டுது. உள்ளை வரேல்லை. நீங்கள் முதல் அதைத் திருத்துற அலுவலைப் பாருங்கோ."