காலையில் மட்டும் எழும்பாத 5 வோல்ட் போர்டு

காரிடாரில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தானாகத் தண்ணீர் விடும் பெட்டி ஒருவழியாக ஒழுங்காக ஓடுகிறது. உள்ளே ஒரு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, அதை 5 வோல்ட்டுக்கு இறக்க டி.பி.எஸ் 54331 சிப் வைத்த பக் கன்வெர்ட்டர், அதற்கப்புறம் பம்பை ஓட்டும் குட்டிக் கணினி போர்டான ஈ.எஸ்.பி 32. இரவில் டைமர் பேட்டரியைத் துண்டித்துவிடும், காலை 6.30க்கு மறுபடி கொடுக்கும். தொல்லையே அந்த 6.30தான். பேட்டரி 12.4 வோல்ட் இருக்கும், வெளியே 5 வோல்ட் வராது. மதியம் போய் சுவிட்சைத் தட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி வரும். ஒருமுறை எழும்பிவிட்டால் இரவு வரை ஓடும், மழை கொட்டினாலும் சரி.

போர்டு வேலையிடத்து அண்ணன் ஒருவர் சால்டர் பண்ணிக் கொடுத்தது. கேட்டதற்கு, "தம்பி, என் ரூம்ல ஜம்முனு ஓடுச்சே" என்றார்.

இந்தச் சிப்பில் 3ஆம் கால் (பின்) இனேபிள், அதாவது சிப்பை ஓடவிடும் கால். அதில் 1.25 வோல்ட் தாண்டினால் சிப் விழிக்கும். இதே வேலை செய்யும் எல்.எம் 2596 சிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் ஆன்-ஆஃப் காலை கிரவுண்டில் கட்டினால்தான் ஓடும், இது நேர்மாறு. பேட்டரி வோல்ட்டைப் பங்கிட்டு இனேபிள் காலுக்குக் கொடுக்க, பேட்டரியிலிருந்து அந்தக் காலுக்கு 330 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 39 கிலோ ஓம் என்று அண்ணன் இரண்டு ரெசிஸ்டர் போட்டிருந்தார். கணக்குப்படி 11.5 வோல்ட்டில் எழும்பி 10.5க்கு இறங்கினால் நிற்க வேண்டும். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை அதற்குக் கீழே இழுக்கக்கூடாது என்பதால் நல்ல கணக்குதான்.

12.4 வோல்ட்டில், எழும்புவதற்கு முன், அந்தக் காலில் கிட்டத்தட்ட 1.35 வர வேண்டும். காலையில் வைத்துப் பார்த்தால் 1.20. ரெசிஸ்டர் மதிப்புகள் சரி, சால்டர் மூட்டுகளும் சரி.

அடுத்து இரண்டு ரெசிஸ்டரையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எதிலும் தொடாமல் விட்டால் சிப் தனக்குள்ளிருந்தே 1 மைக்ரோ ஆம்பியர் கொடுத்து அந்தக் காலைத் தூக்கிக்கொள்ளும், தானாக ஓடும். கழற்றும்போது 330 கிலோ ஓமைத்தான் முதலில் எடுக்க வேண்டும். 39ஐ முதலில் எடுத்துவிட்டு பேட்டரியைக் கொடுத்தால் அந்தக் கால் தாங்கும் 6 வோல்ட் வரம்பு தாண்டிவிடும். மறுநாள் விடியலில் பேட்டரியைக் கொடுத்தேன். ஓடவில்லை. மீட்டரில் 0.3 வோல்ட்.

இந்த இடத்தில்தான் பலரும் சிப் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புதுசு வாங்க சிங்கப்பூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்குக் கிளம்புவார்கள். ஆனால் 0.3 வோல்ட்டை 1 மைக்ரோ ஆம்பியரால் வகுத்தால் 300 கிலோ ஓம். ரெசிஸ்டரே இல்லாத இடத்தில் 300 கிலோ ஓம் எங்கிருந்து வந்தது? போர்டின் மேல் வாயை வைத்து 'ஹா' என்று ஊதினேன். மீட்டர் 0.1க்குச் சரிந்தது. ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்தேன். 0.4, 0.6, 0.9 என்று மெதுவாக ஏறி, 1.25ஐத் தாண்டியதும் ஈ.எஸ்.பியின் சிவப்பு எல்.இ.டி பளிச்சென்று எரிந்தது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது, காலை ஏழு மணி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவு திறந்திருந்தது.

கசிவு 39 கிலோ ஓம் உட்கார்ந்திருந்த இடத்தில்தான். ரெசிஸ்டரைச் சால்டர் பண்ணும் இரண்டு பேடுக்கும் நடுவே பழுப்பாகப் பசை மாதிரி ஃபிளக்ஸ், சால்டர் நன்றாக ஒட்டுவதற்குத் தடவுவது. அண்ணன் பயன்படுத்தியது தண்ணீரில் கழுவும் வகை. கழுவாமல் விட்டால் ஈரத்தை உறிஞ்சி மின்சாரம் கடத்தும். சிங்கப்பூரில் விடியலுக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மழையில்லாத மதியத்தில் 60 பக்கம் இறங்கும். அண்ணன் ரூமிலோ எந்நேரமும் ஏர்கான். 300 கிலோ ஓம் கசிவு சேர்ந்தால் 11.5ல் எழும்ப வேண்டிய சிப் 12.9 வோல்ட் கேட்கும். 12.4 பேட்டரி அதற்கு எங்கே போகும்? எழும்பிவிட்டாலோ சிப் இன்னும் 3 மைக்ரோ ஆம்பியர் சேர்த்துக் கொடுக்கும், கால் 1.30ல் நிற்கும். ஓடுகிறது ஓடிக்கொண்டே இருந்தது அதனால்தான்.

ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன், வெள்ளைப் படலம்தான் மிஞ்சியது. இந்த வகைக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல் தூரிகையும்தான் சரி. அதன் பிறகு ஆல்கஹால் விட்டு ஈரத்தை எடுத்து, நன்றாகக் காயவைத்து, இரண்டு ரெசிஸ்டரையும் திரும்பப் போட்டு, ஈரம் படாமலிருக்க அக்ரிலிக் பூச்சு அடித்தேன்.

சின்ன ரெசிஸ்டராக, 33 கிலோ ஓமும் 3.9 கிலோ ஓமும் போட்டுவிட்டால் கசிவு ஒரு பொருட்டே இல்லையே என்று தோன்றும். ஆனால் எழும்பும் வோல்ட்டுக்கும் நிற்கும் வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளி மேல் ரெசிஸ்டரையும் அந்த 3 மைக்ரோ ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. 330க்கு ஒரு வோல்ட், 33க்கு 0.1 வோல்ட். பம்பு ஓடி பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே நின்று நின்று எழும்பும். அதனால் 330ஐ மாற்றவில்லை.

இப்போது காலையில் ஓடும்போது அந்தக் காலில் 1.45. எழும்பிய பிறகு சேரும் 3 மைக்ரோ ஆம்பியரையும் சேர்த்தால் கணக்கும் அதேதான். அண்ணனிடம் அதே ஃபிளக்ஸில் செய்த போர்டு இன்னும் இருக்கிறது. கழுவச் சொல்லியிருக்கிறேன், ஏர்கான் ஓடும்வரை அவர் கழுவப்போவதில்லை.