பகுதிச் சேதம்

போரில் சேதமான வீடுகளை ஒரு வீட்டு உதவித் திட்டத்துக்காக மதிப்பிட்ட காலத்தில், அந்த வீட்டைப் ‘பகுதிச் சேதம்’ என்று எழுதியது சரிதான் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை. அப்படி எழுதுவதற்குச் சற்று முன்னர் வீட்டுக்கார அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு நான் கொடுத்த விடையைத்தான், சரியென்றும் சொல்ல முடியாமல் பிழையென்றும் சொல்ல முடியாமல், இத்தனை காலமாக மனதுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். “நீங்கள் ஒரு இரவு இதுக்கை படுப்பியளோ தம்பி?” என்று அவர் கேட்டார். “ஓம் அம்மா, ஏன் படுக்கேலாது? படுப்பன்” என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தை வாங்கிக் கையொப்பமிட்டுத் தந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் மீள்குடியேற்ற வேலை செய்தவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லாவிட்டாலும் ‘பேய் வீடு’ என்றால் இன்ன வீடு என்று விளங்கிக்கொள்வார்கள். 1990 ஆனியில் போரால் சனம் எழும்பிப் போன பிறகு கால் நூற்றாண்டு இராணுவத்தின் பிடியில் பற்றை மண்டிக் கிடந்த பகுதி அது. காணி விடுபட்டு வந்தவர்களில் பலர் வீட்டை வைத்துக் காணியை அடையாளம் காண முடியாமல், கிணற்றையும் கோயிலையும் நின்ற ஓரிரு பனைகளையும் வைத்துத்தான் தங்கள் எல்லையைக் கண்டுபிடித்தார்கள். சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் அத்திவாரத்தோடு போயிருக்க, அந்த ஒரு கல்வீடு மட்டும் சுவரோடு நின்றது. சனம் அதற்குக் காரணம் தேடத்தானே செய்யும்? ‘உள்ளுக்கை இருக்கிறது காத்தது’ என்றார்கள். ஆமிக்காரர்கூட அதற்குள் படுக்காமல் முற்றத்தில் கொட்டில் போட்டிருந்தார்கள் என்றும் சொன்னார்கள். அந்தக் காலம் முழுவதும் ஊர்ச் சனம் எவரும் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாமல் இருந்த நிலையில் இதை யார் கண்டார்கள் என்று நான் கேட்டபோது, ‘கதைக்கினம்’ என்பதற்கு மேல் எவரிடமும் விடை இருக்கவில்லை. என்னோடு வந்த கிராம சேவையாளர் பாம்பு கிடக்கும் என்று சொல்லிப் படலையடியிலேயே நின்றுகொண்டார். பாம்பும் கிடந்திருக்கலாம்; அது நியாயமான பயம்.

வீடு நல்ல வீடு. அந்த அம்மாவின் கணவருடைய பாட்டனார் புகையிலையும் வெங்காயமும் செய்த கமக்காரர். தோட்டக் கிணறு வெட்டும்போது எடுத்த சுண்ணாம்புக்கல்லை வைத்தே வீட்டையும் கட்டினார் என்று சொன்னார்கள். இரண்டடிக்குக் குறையாத சுவர், சுண்ணாம்புச் சாந்து, நடுவில் முற்றம் விட்ட நாற்சார். மேற்குப் பக்கத்துக் கூரை விழுந்து அதற்குள் நாயுண்ணி முளைத்திருந்தது. கிழக்குப் பக்கத்தில் ஓடு பாதி போயிருந்தாலும் கூரையைத் தாங்கும் பனந் தீராந்திகள் கிடந்தன. நன்றாக வைரம் பாய்ந்த பனை. கறையான் தொட்ட அடையாளம் இருக்கிறதா என்று கத்தி நுனியால் குத்திப் பார்த்தேன், கத்திதான் வழுகியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த இடமெல்லாம் சுவர் நேராக நின்றது. சுத்தியலால் தட்டினால் பூச்சு சில இடங்களில் வெறும்பானைபோல் ஓசை எழுப்பியது. அது பூச்சு கல்லை விட்டு விலகியதன் ஓசை, சுவருக்கு ஒன்றுமில்லை. வடக்குச் சுவரில் ஒரு ஆலங்கன்று வேர் விட்டிருந்ததைத்தான் உண்மையான ஆபத்தென்று குறித்தேன். இன்னும் சில மாரி போயிருந்தால் அந்த வேர் ஷெல் செய்யாததைச் செய்து முடித்திருக்கும். இதற்கு நேர்மாறாக, எண்பதுகளில் முன்பக்கம் ஒட்டிக் கட்டிய கொங்கிறீட் போட்டிக்கோவில் கம்பி துருப்பிடித்து ஊதி, கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளந்து கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டன் கட்டியது நிற்கிறது, பேரன் கட்டியது உதிர்கிறது என்று நான் சொன்னபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. கட்டிய பேரன் அவருடைய கணவர். முகாமில் இருந்த காலத்திலேயே இறந்துவிட்டார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பேய்க்கும் எனக்குக் கணக்கு இருந்தது. கிழக்கு அறையில் தீராந்திக்கு நேர் கீழே நிலத்தில் கறுப்பு உருண்டைகள் பரவிக் கிடந்தன. ஒன்றைத் தடியால் உடைத்தேன், எலி மயிரும் ஊசிபோன்ற சின்ன எலும்புகளும் ஒரு முழு மண்டையோடும் இருந்தன. கூகை தின்று கக்கியவை. கூகை இரவில் கீச்சிட்டு அலறுவதை ஒருமுறை கேட்டவர்கள் அது ஒரு பறவையின் சத்தம் என்று நம்பமாட்டார்கள். பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த பனைமரம் இரவில் ஆறும்போது ‘டக்’ என்று முறியும் ஓசை கொடுப்பதும் பழைய வீட்டில் இருந்தவர்கள் அறிந்ததுதான். உருண்டையைத் தடியில் தூக்கிக்கொண்டு படலை வரைக்கும் போய்க் கிராம சேவையாளரிடம் “இதுதான் உங்கடை பேய்” என்று காட்டினேன். அந்தச் சிறிய வெற்றியில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஆனால் அந்த அம்மா ஒரு இடத்திலும் பேய் என்று சொல்லவில்லை. நான் அளந்தபோது அளவுநாடாவின் மற்ற நுனியை அவரே பிடித்தார். நான் எண்ணைச் சொல்லி எழுதி முடிக்கும் வரைக்கும் சுவரோடு சாய்ந்து நின்றபடி, யாரோ வேறு வீட்டுக் கதையைச் சொல்லுகிற குரலில் சொன்னார். எழும்பச் சொன்ன நாளில் அவருடைய மாமியார் வரமாட்டேன் என்று திண்ணையில் இருந்துவிட்டார். “கெஞ்சினம். இழுத்தும் பாத்தம். ரண்டு நாளிலை திரும்பி வந்திடுவம்தானே எண்டு, சோறும் தண்ணியும் வைச்சிட்டுப் போனம் தம்பி.” இரண்டு நாளில் எவரும் திரும்பவில்லை. மல்லாகம் பக்கத்து முகாமில் இருந்தபடி விசாரிக்கக்கூடிய இடமெல்லாம் விசாரித்தார்கள். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் குடாநாட்டின் கிழக்கிலுள்ள தென்மராட்சிக்கு நடந்தபோது அந்த விசாரணையும் நின்றுபோனது. காணி விடுபட்டு வந்து பற்றை வெட்டியபோது ஒரு தடயமும் இருக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, காணியின் ஒழுங்கைப் பக்க மூலையைக் காட்டி, அங்கே சின்னதாக ஒரு அறையும் குசினியும் போதும், இதை முழுச் சேதம் என்று எழுதிவிட முடியாதா என்று கேட்டார்.

முடியாதென்று நான் சொன்னதற்கு இருந்த நியாயத்தை அப்போதும் விளக்கினேன், இப்போதும் விளக்குவேன். முழுச் சேதத்துக்கும் பகுதிச் சேதத்துக்கும் கிடைக்கிற பணம் பெரிதும் வேறுபடும். இந்திய வீட்டுத் திட்டத்தில் புது வீட்டுக்கு 5,50,000 ரூபாயும் திருத்தத்துக்கு 2,50,000 ரூபாயும் கொடுத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் வேலை செய்த திட்டம் வேறு என்றாலும் வித்தியாசம் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் இருந்தது. ஒரு கல் மிஞ்சாதவர்கள் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு பட்டியலில் தங்கள் பெயர் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், நேராக நிற்கிற இரண்டடிச் சுவருக்கு முழுச் சேதம் என்று எழுதினால் அவர்களில் ஒருவருடைய வீட்டை நான் எடுத்துக் கொடுத்ததாக ஆகும். கணக்காய்வில் படம் கேட்பார்கள். படத்தில் சுவர் நிற்கும். மாமியார் படத்தில் வரமாட்டார்.

இவ்வளவும் உண்மை. ஆனால் இவ்வளவும்தான் காரணமா என்று என்னையே கேட்கும்போது, அந்த முற்றமும் நினைவுக்கு வருகிறது. நான்கு பக்கத்து மழைநீரும் விழுந்து ஓடுவதற்குக் கல்லில் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதன் விளிம்பு பல தலைமுறைக் கால் பட்டு மழுங்கியிருந்தது. நாற்சார் வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஒவ்வொன்றாக இல்லாமற் போகிற காலத்தில், சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனைத் தேடித் திரிய வேண்டிய காலத்தில், இப்படி ஒன்று நிற்கிறதே என்று என் கை குறிப்பெழுதும்போதே நான் அந்த வீட்டின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று சில வேளைகளில் படுகிறது. முழுச் சேதம் என்று எழுதினால் அந்தக் கல் அவ்வளவும் புது வீட்டின் அத்திவாரத்துக்குள் போகும் என்பது எனக்குத் தெரியும். அது தெரியாத ஒருவர் அதே சுவரைப் பார்த்திருந்தாலும் அதே விடையைத்தான் எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எழுதியிருப்பார். ஆனால் ‘படுப்பன்’ என்று சொல்லியிருக்கமாட்டார்.

அந்த விடையைப் படிவம் கேட்கவில்லை. அவர் கேட்டதற்குக் “கூரை போட்டால் பயமில்லை அம்மா” என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் நாடாவைச் சுருட்டியிருக்கலாம். சுவரில் எனக்கிருந்த நம்பிக்கையைத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. கட்டடத்தை மதிப்பிடுகிறவன் தான் பாதுகாப்பென்று எழுதிய கூரைக்குக் கீழே படுக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தொழில் சொல்லித்தந்த மூத்தவர் ஒருவர் அடிக்கடி சொல்வது. மறு பக்கம், படலையடியில் நின்றவருக்கும் கேட்கட்டும் என்று சற்றே உரத்துச் சொன்னதாகவும் நினைவு. அந்த அம்மா கேட்டது கூரையைப் பற்றி இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போன கணக்கு எதுவும் எனக்கு அந்தத் திண்ணையில் இல்லை. நான் படுத்தால் எனக்கு உறக்கம் வரும். அது அவருக்கு எதை நிரூபிக்கும்? அப்படியிருந்தும், நான் தயங்கியிருந்தால் அந்தத் தயக்கமே அவருக்கு இன்னொரு சாட்சியாக ஆகியிருக்கும், படித்த தம்பியே பயப்பட்டான் என்று ஊர் முழுக்கப் போயிருக்கும் என்று நினைக்கும்போது, வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

வீடு திருத்தப்பட்டது. ஆலங்கன்றை வேரோடு எடுத்து, மேற்குப் பக்கத்துக்குப் புதுச் சலாகை போட்டு, முழுவதற்கும் ஓடு போட்டார்கள். திட்டத்தின் விலைப்பட்டியலில் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு வரியும் இருக்கவில்லை, சீமெந்துக்கு மட்டும்தான் இருந்தது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளும் என்று மேலிடத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை; இரண்டாம் மாரியோடு கீழ்ப்பகுதியில் பூச்சு பொருக்குத் தட்டத் தொடங்கியது. ஊரில் அதற்கும் வேறு காரணம் சொல்கிறார்கள். நான் எழுதிய கடிதத்தின் பிரதி அலுவலகக் கோவையில் இருக்கிறது.

அந்த அம்மா காணியின் ஒழுங்கைப் பக்க மூலையில், முதலில் காட்டிய அதே இடத்தில், மகன் அனுப்பிய காசில் தகரக் கூரை போட்ட ஒரு அறை கட்டிக்கொண்டார். பகலில் பெரிய வீட்டில் சமைக்கிறார், முற்றத்தில் மிளகாய் காயப்போடுகிறார், கிழக்கு அறையில் வெங்காயம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்; கல்வீட்டின் குளிர்ச்சிக்கு வெங்காயம் நன்றாக நிற்கிறதாம். பொழுதுபட முன்னர் திண்ணையில் விளக்கு வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு மூலை அறைக்குப் போய்விடுகிறார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் யாழ்ப்பாண நகரில் ஹோட்டலில் தங்கிவிட்டுப் போனார். என்னோடு வேலை செய்த ஒருவர் இதைச் சொல்லிக்காட்டி, இந்தப் பணத்துக்கு அவர் கேட்ட அறையையே கட்டிக் கொடுத்திருக்கலாமே, மிச்சமும் வந்திருக்கும் என்றார். கட்டிக் கொடுக்க அந்தத் திட்டத்தில் வகையில்லை என்று நான் சொன்னேன். அது சரியான பதில்தான், அவரும் ஒப்புக்கொண்டார். வீடு பிழைத்ததே என்று சேர்த்துச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன், ஏனென்றால் அவர் கேட்டது வீட்டைப் பற்றி அல்ல.

பிறகு வந்த மதிப்பீடுகளில் நான் இளகிவிட்டேன் என்று சிலர் சொன்னார்கள். ஒரு இடத்தில், சேர்த்துக் கட்டினால் நின்றிருக்கக்கூடிய சுவருக்கு, வீட்டுக்காரர் கேட்காமலே முழுச் சேதம் என்று எழுதினேன். அங்கே வெடிப்பு உண்மையிலேயே மோசம். ஆனால் அந்த வெடிப்பைப் பேய் வீட்டுக்கு முன்னர் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருப்பேனா என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், நல்ல கல். புது வீட்டில் அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு விதி கிடைக்க வேண்டும், கிடைக்கவில்லை.

கடைசியாக அங்கே போனது நிறைவு அறிக்கைக்காக. அந்த அம்மா கோப்பி தந்தார், வெங்காயப் பிடி ஒன்றையும் கட்டித் தந்தார். அந்த இரவு விடயத்தை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எடுத்து, வந்து படுங்கோ என்று சொல்லியிருந்தால் படுத்திருப்பேன். படிவத்தில் ‘பயனாளி குடியிருக்கிறாரா’ என்று ஒரு கேள்வி இருந்தது. அவருடைய குடும்ப அட்டை அந்த விலாசத்தில் இருக்கிறது, மின்மானி அவருடைய பெயரில் ஓடுகிறது, அடுப்பு அங்கேதான் எரிகிறது. எந்த நேரத்தில் என்று படிவம் கேட்கவில்லை. ஆம் என்று எழுதினேன்.