சத்தமே வராத நாட்கள்ல என்னைக் கேட்டவர்

கழுத்துல சின்னதா ஒரு கட்டி, சளிக்கு வந்ததா இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் ஸ்கேன், ஊசி போட்டு எடுக்குற டெஸ்ட், ரிசல்ட்ல தைராய்டு கேன்சர். பாப்பில்லரி டைப், நல்லா குணமாகுற வகைதான்னு டாக்டர் பொறுமையா சொன்னாங்க, எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேல எதுவுமே காதுல ஏறல.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா கண்ணு முழிச்சு பேச வாயத் திறந்தா வெறும் காத்துதான் வருது. தைராய்டுக்குப் பின்னாடியே குரலுக்கான நரம்பு போகுதாம், அது பாதிச்சிருக்கு, சரியாக வாரக்கணக்கும் ஆகலாம் மாசக்கணக்கும் ஆகலாம்னாங்க. சபையில பாடிட்டிருந்தவ நான், சத்தமா ஜெபிச்சே பழகினவ, வாய்விட்டு அப்பான்னு கூப்பிடக்கூட முடியாம படுத்திருந்தப்போ ஆண்டவர் எங்கயோ தூரமா போயிட்டாருன்னே தோணுச்சு, உண்மையத்தான் சொல்றேன்.

அப்போ ஒருநாள் பைபிள்ல 1 சாமுவேல் முதல் அதிகாரம் எடுத்தேன். அன்னாள் பிள்ளைக்காக அழுதது தெரியும், எத்தனையோ தடவை படிச்சதுதான், ஆனா 13ஆம் வசனம் அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. உதடு மட்டும் அசையுது, சத்தம் கேக்கல. பாத்துட்டிருந்த ஆசாரியன் ஏலி அவ குடிச்சிருக்கான்னு நினைச்சுட்டாரு. கர்த்தருக்கு மட்டும் அது ஜெபம்னு தெரிஞ்சிருக்கு! தலகாணி நனையுற அளவுக்கு அழுதேன். அன்னைலருந்து நானும் உதட்ட மட்டும் அசைச்சு ஜெபிக்க ஆரம்பிச்சேன்.

அடுத்தது ரேடியோ அயோடின், மிச்சமிருக்குற தைராய்டு செல்ல அழிக்கிற கதிரியக்க மருந்து. அதுக்கு முன்னாடி அயோடின் உப்பு போட்ட எதையும் சாப்பிடக்கூடாது, மருந்து குடுத்ததும் நம்ம உடம்புலருந்தே கதிர்வீச்சு வரும்ங்கிறதால தனி ரூம், பிள்ளைங்க வர முடியாது, சாப்பாட்ட கதவுகிட்ட வெச்சிட்டுப் போயிருவாங்க. எனக்கு ஆபரேஷன விட இதுதான் கஷ்டம். அந்தத் தட்ட எடுக்குறப்போல்லாம் பைபிள்ல சூரைச்செடி கீழ படுத்திருந்த எலியா தீர்க்கதரிசி ஞாபகம்தான். சாகணும்னு சொன்னவர ஆண்டவர் திட்டல, புத்தி சொல்லல, தூங்க விட்டாரு, தூதன அனுப்பி ரெண்டு தடவை தட்டி எழுப்பி சாப்பிட வெச்சாரு. யாருமே தொடக்கூடாத ரூம்ல அந்த தொடுதல் எனக்கு எவ்ளோ பெருசா இருந்துச்சுன்னு எழுதத் தெரியல.

மூணாவது மாசம் குரல் திரும்புச்சு, ஸ்தோத்திரம். குரல் வந்ததாலதான் நம்புறேன்னு யாரும் நினைச்சுடாதீங்க, வர்றதுக்கு முன்னாடியே மனசுல சமாதானம் வந்துருச்சு. இப்பவும் தினமும் காலைல வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடுறேன், அப்போ ஒரு சின்ன ஜெபம், அத மட்டும் இன்னும் உதடு அசைச்சு சத்தமில்லாமத்தான் பண்றேன்.