பை மட்டுமா, நீங்களுமா?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் ஆடி மாதம். ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் ‘தோ பீகா ஜமீன்’ (‘இரண்டு பீகா நிலம்’) பார்த்துத் தொலைத்தேன். 1953-ல் பிமல் ராய் எடுத்த படம். 65 ரூபாய் கடன் ஜமீன்தார் கணக்கில் 235 ஆகிவிட, நிலத்தை மீட்கக் கல்கத்தா வந்து கைரிக்‌ஷா இழுக்கிறான் சம்பு. முன்னால் போகிற ரிக்‌ஷாவைப் பிடிக்கச் சொல்லி ஒருத்தன் காசை ஏற்றிக்கொண்டே போக, இவன் குதிரை மாதிரி ஓடி, கடைசியில் சக்கரம் கழன்று... சம்புவாக நடிப்பது பிபிசியில் அறிவிப்பாளராக இருந்த பல்ராஜ் சாஹ்னியா! இனி செத்தாலும் கைரிக்‌ஷாவில் ஏறுவதில்லை என்று அப்போதே சபதம் போட்டேன்.

மறுநாளே பேய்மழை. காலேஜ் ஸ்ட்ரீட்டில் முழங்கால் தண்ணீர். டாக்சி, பஸ் எல்லாம் படுத்துவிட்டன. அந்த மாதிரி நாளில் அங்கே கைரிக்‌ஷாதான் ராஜா. பெரிய சக்கரம், தண்ணீர் புக இன்ஜினும் இல்லை.

டுன் டுன் என்று மணியைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். வயது ஐம்பதுக்கு மேல். பீகார்க்காரர். “நூறு ரூபாய், ஏறுங்க பாபு.”

“காசு முழுசா தர்றேன். பையை மட்டும் ஏத்திக்கோங்க. நான் நடந்து வர்றேன்.”

என் இந்தியில் ரிக்‌ஷா ஆணா பெண்ணா என்பதே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மாறும். அதனால் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று இன்னொரு முறை கேட்டார். அதையே சொன்னேன். “உடம்புக்கு ஏதாவது?” என்றார்.

லேப்டாப் பை மட்டும் சீட்டில் ஜமீன்தார் போலச் சாய்ந்து உட்கார்ந்திருக்க, நான் பேண்ட்டை மடித்துவிட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். டீக்கடையிலிருந்து ஒருத்தன் கத்தினான்: “என்ன, தள்ளிவிட ஆள் போட்டாச்சா?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பதில் சொல்ல நேரமில்லை. ரோட்டில் இருந்த பள்ளத்துக்குள் இடுப்பு வரை இறங்கியிருந்தேன். அவர்தான் வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

“ஏறுங்க முதல்ல! எல்லாரும் உங்களை மாதிரி நடந்தா நான் எதைத் தின்கிறது?”

ஏறினேன். சொட்டச் சொட்ட. போகிற வழியில் ஊர் விசாரணை. அவருக்கு ஊரில் மூன்று பீகா நிலம், பீகாரின் சூரிய வழிபாடான சட் பூஜைக்குத் தவறாமல் போய்விடுவார். “உங்களுக்கு எத்தனை பீகா?”

வங்காளக் கணக்கில் பீகா என்பது நம்ம 33 சென்ட். அப்பா அறுபத்தாறு சென்ட் வைத்திருந்தார், என் இன்ஜினியரிங் ஃபீஸுக்கு விற்றுவிட்டார் என்றேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ராத்திரி சம்புவை நான் பார்த்த அதே பார்வை.

விஷயம் ஸ்டாண்ட் முழுக்கப் பரவிவிட்டது. இப்போதெல்லாம் ரெண்டு தூறல் விழுந்தால் போதும், தெருமுனையிலேயே குரல் வருகிறது:

“பாபு, இன்னைக்குப் பை மட்டுமா, நீங்களுமா?”