கேக்கலை

அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் என்பதால், பெண்கள் விளையாடுகிற படம் எது வந்தாலும் "மிஸ், பார்த்தாச்சா?" என்று என்னிடம்தான் முதலில் வருவார்கள். பார்த்துவிடுவேன். பிடிக்கவும் செய்யும். ஒரு குறை மட்டும் உண்டு. 'சக் தே இந்தியா'வில் கபீர் கான், 'தங்கல்' படத்தில் அப்பா, 'பிகில்' பற்றிச் சொல்லவே வேண்டாம். பெண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஓர் ஆண் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரியவரும். 'இறுதிச்சுற்று' (2016) படத்தை இயக்கிய சுதா கொங்கரா பெண்தான். அங்கேயும் மாஸ்டர் ஆண். இதைச் சொன்னால் ஸ்டாஃப் ரூமில், "படத்தைப் படமா பாருங்க டீச்சர்" என்பார்கள். சரி.

என் பிள்ளைகள் பார்க்கிற விதமே வேறு. 'இறுதிச்சுற்று' நாயகி மதியை எல்லோருக்கும் பிடிக்கும். மீன் விற்கிற, வாய்த்துடுக்கான பெண். நடித்த ரித்திகா சிங் நிஜத்திலும் கிக் பாக்ஸிங் வீராங்கனை என்பதால் ஒவ்வொரு குத்தும் நம்பும்படி இருக்கும். பிள்ளைகளுக்குள் சண்டை வந்ததென்னவோ மதியின் அக்கா லக்ஸை வைத்துத்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போக வருஷக்கணக்காகக் குத்துச்சண்டை பழகுகிறவள். தங்கை முந்திக்கொண்டதும் பொறாமையில் கெடுதல் செய்கிறாள். "பண்ணது தப்புதான் மிஸ். ஆனா வேலைக்காக விளையாடினா என்ன தப்பு?" என்றாள் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் கபடிக்கு அனுமதி கிடைத்ததே அந்த ஒதுக்கீட்டைச் சொல்லித்தான். நாடு, கொடி, பதக்கம் எல்லாம் எங்கள் ஊரில் அப்புறம்தான்.

கபடியில் பாடிப் போகிறவள், அதாவது ரைடர், நடுவருக்குக் கேட்கும்படி "கபடி, கபடி" என்று விடாமல் சொல்ல வேண்டும். எதிர்க்களத்தில் பாட்டு அறுந்தால் அவுட். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் கால் வேகம் இருக்கும், பிடி இருக்கும், குரல்தான் வராது. வயசுக்கு வந்த நாளிலிருந்து "மெதுவாப் பேசு" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் வேறு, பையன்கள் நிற்பார்கள். உதடு மட்டும் அசையும். நான் கோட்டுக்கு வெளியே நின்று "கேக்கலை" என்பேன். திரும்பிப் போய் மறுபடி பாடி வருவாள். "கேக்கலை." சிலர் அழுதுவிடுவார்கள். சிலர் என்னை முறைப்பார்கள். முறைக்கிறவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள் என்பது என் அனுபவம். ஒரு சாயங்காலம் திடீரென்று சத்தம் வரும், சுவர் தாண்டி. அன்றிலிருந்து ஆட்டமே வேறு. எதிரணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் முகத்தைப் பார்ப்பாள், போனஸ் கோட்டுக்குத் துணிவாள். அதை நான் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நான் செய்ததெல்லாம் கேட்கவில்லை என்று சொன்னதுதான்.

சினிமாவில் சரியாக இந்த இடத்தில் பின்னணி இசையைப் போட்டு அந்தச் சத்தத்தை அமுக்கிவிடுகிறார்கள்.

லக்ஸுக்காக வாதாடியவள் இப்போது எங்கள் முதல் ரைடர். மாவட்டப் போட்டியில் ஜெயித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே வந்து அவள் கேட்டது: "மிஸ், சர்டிபிகேட் இன்னைக்கே தருவாங்களா?"