486-க்கு உயிர் வந்தாச்சு, சவுண்டு மட்டும் பாக்கி

தொண்ணூறுகள்ல வந்த பழைய 486 கம்ப்யூட்டர் ஒண்ண சரி பண்ணிட்டு இருக்கேன், டிஎக்ஸ்2-66 பிராசஸர். கிளம்பாம கெடந்தது இப்ப பூட் ஆகுது. சந்தேகப்பட்ட மாதிரியே பேட்டரிதான் காரணம். அந்தக் காலத்து மதர்போர்டுல 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரிய, குட்டி பீப்பா மாதிரி நீலக் கலர்ல இருக்குமே அத, போர்டுலயே சால்டர் பண்ணி வச்சிருப்பாங்க, வருஷக்கணக்கா சும்மா கெடந்தா கசிஞ்சு பக்கத்துல இருக்கற செம்புக் கோடெல்லாம் பச்சை பூத்து அரிச்சுடும். நிறைய போர்டுல அது கீபோர்டு கனெக்டர் பக்கத்துலயே இருக்கும், அதனால மொதல்ல அடி வாங்கறது கீபோர்டுதான். பேட்டரிய வெட்டி எடுத்துட்டு வினிகர் தொட்டுத் தேய்ச்சேன், கசிஞ்சது காரம், லேசான அமிலம் பட்டாதான் அடங்கும், அப்புறம் தண்ணி, அப்புறம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா கீபோர்டு லைன் அறுந்திருக்கு, மெல்லிசா ஒரு ஒயர் இழுத்து சேர்த்தாச்சு. பதிலுக்கு காயின் செல் (காசு மாதிரி வட்ட பேட்டரி) போடறவங்க, கரண்ட்ட ஒரே பக்கம் மட்டும் விடற டயோடு ஒண்ணு சேர்த்துப் போடுங்க, போர்டு அத சார்ஜ் பண்ணப் பார்க்கும், காயின் செல் தாங்காது.

ஹார்டு டிஸ்குக்கு பதிலா, அதோட கேபிள்ல செருகற ஐடிஇ அடாப்டர்ல காம்பாக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டு. கம்ப்யூட்டரைக் கிளப்பற பயாஸ் புரோகிராமுக்கு இதுல 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், அதாவது 504 எம்பிக்கு மேல கண்ணே தெரியாது. கார்டுல மீதி கெடந்துட்டுப் போகுது, டாஸ் 6.22-ங்கற அந்தக் காலத்து ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இதுவே கடல்.

அப்புறம் வந்தது பாருங்க நிஜமான சுகம். ராம் 8 எம்பி இருக்கு, ஆனா கேம் கேக்கறது அந்த மொதல் 640 கேபிக்குள்ள, மவுஸ் டிரைவரும் சிடி டிரைவரும் ஏறினதும் மெமரி பத்தலன்னு நின்னுடும். டாஸ் கிளம்பறப்ப படிக்கற செட்டிங் ஃபைல் கான்ஃபிக்.சிஸ்ல, 640 கேபிக்கு மேல இருக்கற மெமரியத் திறந்து விடற ஹைமெம், இஎம்எம்386 போட்டு, ஒவ்வொரு டிரைவரா டிவைஸ்ஹைங்கற கட்டளையால மேல தள்ளி, எந்த வரி முன்னாடி எது பின்னாடின்னு மாத்தி மாத்தி ரீபூட் பண்ணி, காலி மெமரியக் காட்டற மெம் கமாண்ட் அடிச்சுப் பார்த்து, கடைசில 600 கேபிக்கு மேல காலி! டாஸ் கூடவே வர்ற மெம்மேக்கர் இத தானாவே பண்ணும், அதுகிட்ட விட்டுட்டா அப்புறம் நமக்கென்ன வேலை. பழசை நெனச்சா கேம்தான் ஞாபகம் வரும், ஆனா அன்னைக்கும் வெளையாடினத விட இந்த ஃபைலோட மல்லுக்கட்டினதுதான் அதிகம். இன்னைய கம்ப்யூட்டர்ல டாஸ் கேம ஓட்டற டாஸ்பாக்ஸ்ல எல்லாம் ஒழுங்கா ஓடுது, அதான் போர்.

சவுண்ட் பிளாஸ்டர் 16 சவுண்ட் கார்டு ஏறிடுச்சு. அதுக்கு செட்டிங்கா ஏ220 ஐ5 டி1 எச்5 கொடுத்தா (ஐ5-ன்னா ஐஆர்க்யூ 5, கார்டு பிராசஸரைக் கூப்பிடற லைன்) மியூசிக் வருது, துப்பாக்கி சத்தம் வரல. கார்டே உண்டாக்கற எஃப்எம் மியூசிக்குக்கு ஐஆர்க்யூ தேவையில்ல, எஃபெக்டுக்கு வேணும், அதனால 5-ல வேற ஏதோ கார்டு உக்காந்திருக்குன்னு தோணுது. அடுத்து நெட்வொர்க் கார்டைக் கழட்டிட்டுப் பார்க்கணும்.