வங்கி மதிப்பீட்டாளர் முதலில் வீட்டின் பின்பக்கம்தான் போனார்

வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றுவதென்று 2024 மே மாதம் முடிவெடுத்தோம். ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறும் கொங்கிரீட் பாதையின் கடைசியில் எங்கள் வீடு. 11 பேர்ச்சஸ் காணி. சதுர அடியில் சொன்னால் 3,000க்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் மூன்றில் ஒரு பங்கு சரிவு. மலைநாட்டில் சமதரையாகக் காணி வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

2018இல் வீடு கட்ட 42 லட்சம் கடன் எடுத்தோம். 20 வருடம், 14 சதவீத வட்டி, மாதத் தவணை 52,000. மாறும் வட்டி என்று கடிதத்தில் இருந்தது. அதை அப்போது யார் வாசித்தது? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. எங்கள் வட்டி ஏறி ஏறி 26இல் போய் நின்றது. தவணை 88,000. என் ஆசிரியச் சம்பளம் அப்படியே போய், என் வீட்டுக்காரருடைய கராஜ் வருமானத்திலும் ஒரு பெரிய துண்டு போனது. 2023 ஜூனில் மத்திய வங்கி வட்டியை இறக்கத் தொடங்கிய பிறகும், ஏற்றும்போது தானாக வந்த கடிதங்கள் இறக்கும்போது வரவில்லை. நாங்களாகப் போய் நின்று கேட்டுக் கேட்டு 17 சதவீதம் வரை வந்தது. இன்னொரு வங்கி முதல் ஐந்து வருடத்துக்கு 13 சதவீதம் நிலையான வட்டி என்றது. மீதிக் கடன் 38 லட்சத்துச் சொச்சம். கணக்குப் போட்டால் தவணை 59,400இலிருந்து 49,200க்கு இறங்கும். மாதம் பத்தாயிரம் சும்மா இல்லையே.

புதிய வங்கி சொன்னது இதுதான்: அவர்களுடைய பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார். கட்டணம் எங்களுடையது. கடன் கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது.

வெலுவேஷனுக்கு ஆள் வருகிறார் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னதும் ஆளுக்கொரு யோசனை. பெயின்ட் அடி, திரைச்சீலை மாற்று, முன்னால் பூச்சட்டி வை. நானும் கேட்டுக்கொண்டு 38,000 ரூபாய்க்கு முன் சுவருக்கெல்லாம் பெயின்ட் அடித்தேன். வீடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு வந்த அறிக்கையில் அந்த 38,000க்குக் கிடைத்தது ஒரே வரி: ‘பராமரிப்பு நல்ல நிலையில் உள்ளது.’ பெயின்ட் அடிக்காமல் சுவரைக் கழுவியிருந்தாலும் அந்த வரி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உண்மையான வேலை பேப்பர் தேடும்போதுதான் தொடங்கியது. காணி உறுதிப் பத்திரத்தின் மூலப் பிரதி பழைய வங்கியில் ஈட்டில் இருக்கிறது, நம்மிடம் ஃபோட்டோ கொப்பிதான். நில அளவைப் படம், நகர சபை அனுமதித்த கட்டடப் பிளான், இணக்கச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ், கடைசி சோலைவரி ரசீது எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. டின்னின் அடியில், ஈரம் பட்டு ஓரம் பழுத்துப்போய், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் (என்.பி.ஆர்.ஓ.) கடிதமும் கிடந்தது.

எங்கள் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கடிதம் தெரியும். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் பிளான் அனுமதிக்கு முன் என்.பி.ஆர்.ஓ. காணியைப் பார்த்துச் சிபாரிசு கொடுக்க வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை மறக்காத யாரும் அதை வெறும் சம்பிரதாயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அனுமதி கிடைத்ததும் கடிதத்தை டின்னில் போட்டு மூடியதும் நாங்கள்தான். ஆறு வருடம் கழித்து அன்றிரவுதான் அதை முழுதாக வாசித்தேன். அது சும்மா ‘கட்டலாம்’ என்று சொல்லவில்லை. பின் சரிவின் மேலே கான் (வடிகால்) வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அணைச்சுவரில் தண்ணீர் வெளியேறப் பைப் வைத்து அவற்றை அடைபடாமல் வைத்திருக்க வேண்டும். சரிவை மேலும் வெட்டக் கூடாது. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இடம் விட வேண்டும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சுவர் முழுக்க சௌசௌ கொடி. சுவருக்கும் வீட்டுக்கும் இடையில் விட்ட இடத்தில் என் வீட்டுக்காரர் கட்டிய விறகுக் கொட்டில், தகரக் கூரையோடு. பைப்புகள் எங்கே என்றே தெரியவில்லை.

மாமாவுக்கு எழுபத்து மூன்று வயது. தோட்டத்தில் இருந்தபோது கான் வெட்டு வேலைதான் அவருக்கு. தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் குறுக்கே வாட்டம் பார்த்து வெட்டுவார்களே, அந்தக் கான். முழங்கால் போன பிறகு அவரால் பின்பக்கம் ஏற முடிவதில்லை. “நான் சொல்லிக்கிட்டுத்தானேம்மா இருந்தேன், கொட்டில அங்க போடாதன்னு. யாரு கேட்டா?” என்றார். அவருடைய மகன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே கொட்டிலைப் பிரித்தார்.

சௌசௌ கொடியை அறுத்து இழுத்தால் சுவரில் பாசியும் பன்னச் செடியும் கை உயரத்துக்கு. பைப் வாய் ஒவ்வொன்றிலும் வேர் இறங்கி மண் இறுகியிருந்தது. மொத்தம் பதினான்கு பைப். பழைய குடைக் கம்பியால் குத்திப் பார்த்தோம், வளைந்தது. பிறகு கராஜிலிருந்து அரை அங்குலக் கம்பி கொண்டுவந்து அவர் குத்த, நான் பிடித்துக்கொண்டேன். ஏழாவது பைப்பில் கம்பி சட்டென்று உள்ளே போனது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் கோப்பிக் கலரில் தண்ணீர் பீச்சியடித்தது. என் கவுன் முழுக்கச் சேறு. பதினைந்து நிமிடமாவது அந்த ஒரு பைப்பிலிருந்து நிற்காமல் வந்தது. அவ்வளவு தண்ணீரையும் சுவர் முதுகில் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது, நாங்கள் இந்தப் பக்கம் நிம்மதியாகச் சமைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அன்று எனக்கு வங்கி, வட்டி எதுவும் நினைவில் இல்லை.

மேலே இருந்த கானை இரண்டு ஆட்களை வைத்து வெட்டினோம். மாமா கீழே கதிரை போட்டு உட்கார்ந்து வாட்டம் சொன்னார். அவர் சொன்னபடி வெட்டியதில் தண்ணீர் எங்கும் தேங்கவில்லை.

பின் அறை ஜன்னல் மூலையில் ஒரு மெல்லிய வெடிப்பு இருந்தது. பட்டி பூசி மறைத்துவிடலாம் என்று மேசன் பாஸைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, “மறைக்காதீங்க டீச்சர். புதுப் பூச்சு தெரிஞ்சா அவரு அங்கேயேதான் நிப்பாரு” என்றார். அந்தப் பேச்சுக்காகவே அவருக்குக் கூலி கொடுத்திருக்கலாம். வாங்கவில்லை.

மற்றவை சின்ன வேலைகள். எல்லைக் கல் நான்கில் ஒன்றைக் காணவில்லை, படத்தைப் பார்த்து அளந்து வேலிக்கடியில் தோண்டி எடுத்தோம். உறுதியில் பாதை பத்தடி. பக்கத்து வீட்டு அண்ணன் கொட்டியிருந்த மணலால் ஏழடிதான் இருந்தது. சொன்னதும் அள்ளிக் கொடுத்தார்.

மதிப்பீட்டாளர் ஜூன் கடைசியில் வந்தார். ஆனி மாதம் எங்கள் ஊரில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. காலையிலிருந்தே தூறல், பத்து மணிக்குக் கொட்டத் தொடங்கியது. நாள் மாற்றிக் கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே ரப்பர் பூட்ஸும் குடையுமாக ஏறி வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும், சிங்களவர், தமிழ் ஓரளவு பேசினார். பிளேன்டி ஊற்றி வைத்திருந்தேன். “அது பிறகு டீச்சர். பின்னால போற வழி எங்கே?” என்றார்.

கொட்டில் இருந்த இடத்தில் நின்று சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பைப்புகளிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து ஒரு பைப்பின் கீழே உள்ளங்கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார். மண் வருகிறதா என்று பார்க்கிறாராம். தெளிந்த தண்ணீர் வந்தால் சுவர் வேலை செய்கிறது, கலங்கி வந்தால் உள்ளே மண் கழன்றுகொண்டிருக்கிறது என்றார். அடைப்பு எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்ததால் தண்ணீர் தெளிந்திருந்தது. முந்தின நாள் எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குள் ஒரு நடுக்கம். மேலே நின்ற டேர்பன்டைன் மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். பின் கதவைத் திறந்து மூடி, மழைக்காலத்தில் இறுகுகிறதா என்று கேட்டார். ஜன்னல் வெடிப்பின் பக்கத்தில் பேனாவை வைத்துப் படம் எடுத்தார். எப்போது வந்தது என்று கேட்டதற்கு 2019 என்று உண்மையைச் சொன்னோம். அதற்குப் பிறகு பெரிதாகவில்லை என்றும் சொன்னோம். தலையாட்டி எழுதிக்கொண்டார்.

என்.பி.ஆர்.ஓ. கடிதம் இருக்கிறதா என்று அவரே கேட்டார். எடுத்துக் கொடுத்ததும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

வீட்டுக்குள் பதினைந்து நிமிடம்கூட இல்லை. வெளிச்சுவரை டேப் வைத்து அளந்தார், அறைக்கொரு படம், கூரை, சீலிங், தரை ஓடு, மின்சார மீட்டர். அலுமாரி திறக்கவில்லை, திரைச்சீலையைப் பார்க்கவுமில்லை. சமையலறையில்தான் மாட்டிக்கொண்டோம். 2021இல் பக்கவாட்டில் 160 சதுர அடி நீட்டியிருந்தோம். பிளானில் அது இல்லை. “இது நகர சபைக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது. அனுமதி இல்லாத பகுதியை மதிப்பில் சேர்க்க முடியாது, ஆனால் இருப்பதாக எழுதுவேன் என்றார். கெஞ்சிப் பார்க்கலாமா என்று என் வீட்டுக்காரர் கண்ணால் கேட்டார். வேண்டாமென்றேன்.

போகும்போது பாதையின் அகலத்தையும் அளந்தார். வாகனம் வீடு வரை வருமா, அந்தப் பாதை உரிமை உறுதியில் எழுதியிருக்கிறதா என்பதுதான் பேர்ச்சஸ் விலையைத் தூக்குவதும் இறக்குவதும் என்றார். ஆறிய பிளேன்டியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. காணி பேர்ச்சஸ் 3.25 லட்சம். மெயின் ரோட்டோரம் யாரோ விற்ற கதையைக் கேட்டு ஐந்து லட்சம் என்று நம்பியிருந்த என் வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. கட்டடம் 1,050 சதுர அடிக்கு, தேய்மானம் கழித்து. மொத்தம் 86 லட்சம். அதற்குக் கீழே இன்னொரு தொகை: 69 லட்சம். அவசரமாக விற்றாக வேண்டிய நிலையில் கிடைக்கக்கூடிய விலை அது. வங்கி பார்ப்பது அதைத்தான் என்று அதிகாரி சொன்னார். எங்களுக்குத் தேவை 39 லட்சம், அதனால் சமையலறை போனது பெரிய அடி இல்லை. சரிவு பற்றி ஒரு பந்தி இருந்தது. அணைச்சுவரும் வடிகாலும் நல்ல நிலையில் உள்ளன, தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்று.

அதற்குப் பிறகு நடந்தது அலைச்சல் மட்டுமே. மீதிக் கடன் எவ்வளவு என்ற ஒரு பக்கக் கடிதம் தரப் பழைய வங்கி மூன்று வாரம் எடுத்தது. நேரத்துக்கு முன் கடனை முடிப்பதற்கு ஒரு கட்டணம் வேறு. சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடுதல் முடித்து, பழைய ஈட்டை விடுவித்து, புதிய ஈட்டு முறி எழுதிப் பதிந்தார். செப்டம்பரில்தான் முதல் புதிய தவணை கட்டினோம். எல்லாச் செலவையும் கூட்டினால் முதல் ஒரு வருட மிச்சம் அதற்கே போய்விடும்.

சமையலறைக்கான விண்ணப்பத்தை நகர சபையில் கொடுத்திருக்கிறோம், இன்னும் ஆள் வந்து பார்க்கவில்லை. விறகு இப்போது முன் வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது, புதுப் பெயின்ட் அடித்த சுவரில் சாய்ந்தபடி.